ஒரு நீலச் சேலை, மூன்று சட்டை

எல்லா இடத்துக்கும் உடுக்க ஒரே ஒரு சேலை வாங்குவதென்றால், கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறியில் கடும் நீலம் எடுங்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பருத்திதான் உடம்புக்குச் சுகம். கடையின் டியூப் லைற்றை நம்பாதீர்கள். முந்தானையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது வெளியே நீலமாகும், கரையில் ஒளிந்திருக்கும் மெல்லிய இழையின் நிறமும் அப்போதுதான் பிடிபடும். முதல் சட்டைக்கு அந்த இழையின் நிறத்தையே தேடுங்கள். கடுகு மஞ்சளோ செம்மண் நிறமோ அப்படி அமைந்தால், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு ஜிமிக்கியும் மல்லிகையும் போதும். கழுத்தை வெறுமையாக விடுங்கள், அதுதான் எனக்குப் பிடித்த அழகு.

கந்தோருக்கு வெள்ளைச் சட்டை, சின்னத் தோடு, மணிக்கூடு. கலியாண வீடென்றால் மெரூன் பட்டுச் சட்டையும் அட்டியலும். ஆனால் அட்டியல் போட்டால் தோடு சிறிதாகவே இருக்கட்டும்.

அப்புறம், சேலையை முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். கடும் நீலம் வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும்.