காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் தன்னார்வலராகச் சேர்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அடிபட்ட பறவை, தாயைப் பிரிந்த அணில் குட்டி, நாய் குதறிய முயல் என்று வந்து சேரும் உயிர்களைத் தேற்றி, திரும்பவும் காட்டுக்கே அனுப்புகிற மையங்களில் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த புதிதில் எதைச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. அதனால் காரணங்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மையத்தைத் தேடுவது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும். உரிமம் பெற்ற மையமா, கால்நடை மருத்துவர் வந்து போகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், உரிமம் இல்லாமல் காட்டுயிரை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டவிரோதம்.

படி 1: முதலில் உங்கள் உடம்பு

பாலூட்டிகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். வௌவால் இருக்கும் மையமென்றால் அது கட்டாயம். தடுப்பூசி போட்டவரானாலும், கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பறவைக் கூண்டில் காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைத்தெடுங்கள். அந்தத் தூசியைச் சுவாசித்தாலே தொற்றுகிற நோய்கள் உண்டு.

படி 2: எடுப்பதற்கு முன் பாருங்கள்

மையத்துக்கு வரும் குஞ்சுகளில் கணிசமானவை அனாதையே இல்லை. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்தித் தத்திப் போகிற குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்து பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் பக்கத்திலேயே இருந்து அதற்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே முளைக்காத குஞ்சு கீழே கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்று சொல்வது உண்மையல்ல.

தொலைபேசி எடுக்கும் வேலை உங்களுக்குக் கிடைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். நிதானமாக நாலு கேள்வி கேட்டு ஒரு குஞ்சைத் தாயிடமே விட்டுவைப்பது பெரிய காரியம். நாம் எவ்வளவு பாடுபட்டாலும் தாய் வளர்ப்பதற்கு ஈடாகாது.

படி 3: பெட்டி

சூடு, இருட்டு, அமைதி. வந்த உயிருக்கு முதலில் தேவை இந்த மூன்றும்தான். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியே போதும். கம்பிக் கூண்டில் பறவையை வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படபடத்து மோதியதில் வால் இறகும் சிறகு இறகும் ஒடிந்துவிட்டால், காயம் ஆறிய பிறகும் புது இறகு முளைக்கும்வரை அது மாதக்கணக்கில் அடைபட்டே கிடக்க வேண்டும்.

கீழே விரிக்கப் பழைய பனியன் துணிதான் என் தேர்வு. குளியல் துண்டு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சின்னச் சின்ன நூல் வளையங்களில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும், இழுக்கும்போது விரல் பிசகும். சூட்டுப்பையைப் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

அப்புறம், பெட்டி பக்கத்தில் பேசாதீர்கள், தடவிக் கொடுக்காதீர்கள். நம் ஆறுதல் குரல் அதன் காதில் வேட்டையாடும் விலங்கின் குரலாகத்தான் விழும். மான், முயல் போன்றவை பிடிபட்ட அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து இறந்துபோவதுண்டு. சில சமயம் பிடித்துச் சில நாள் கழித்துக்கூட அது நடக்கும்.

படி 4: ஊட்டுவது

இங்கேதான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வரிசை முக்கியம்: முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, கடைசியில்தான் உணவு. குளிர்ந்து கிடக்கிற உடம்பால் எதையும் செரிக்க முடியாது. பசியில் வாயைத் திறக்கிறதே என்று மனசு கேட்காமல் உடனே ஊட்டினால் அதுவே அதைக் கொன்றுவிடும். குட்டியை உள்ளங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். அதுவரை காத்திருங்கள்.

அணில் குட்டியை எடுத்துக்கொள்வோம். பசும்பால் கூடாது, வயிற்றுப்போக்கில் போய் முடியும். மையத்தில் கலந்து வைத்திருக்கும் மாற்றுப்பால் மட்டும்தான். ஒரு வேளைக்கு உடல் எடையில் சுமார் 5 சதவீதம் என்று தொடங்குவார்கள். 40 கிராம் குட்டிக்கு 2 மில்லி. அவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் அதன் வயிறு அவ்வளவுதான்.

மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. குப்புற, தலை சற்று உயர்ந்திருக்கும்படி துணியில் சுற்றிப் பிடியுங்கள். 1 மில்லி சிரிஞ்சை உதட்டருகே வைத்து ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். குட்டி நாக்கைச் சுழற்றி இழுக்கும், தொண்டை ஏறி இறங்குவது தெரியும். அது இறங்கிய பிறகு அடுத்த சொட்டு. மூக்கு நுனியில் ஒரு வெள்ளைக் குமிழி வந்தால் அந்த நொடியே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்து, மூக்கைத் துடைத்துவிட்டு பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

சிரிஞ்சு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உள்தண்டின் முனையில் ரப்பர் தொப்பி உள்ள சாதாரண சிரிஞ்சு நாலு தடவை கழுவினால் இறுகிவிடும். அழுத்தினால் நகராது, சட்டென்று நகர்ந்து பாலைப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சல்தான் நுரையீரலுக்குப் போகிறது. முனையில் வளையம் போட்ட வகை ஒன்று இருக்கிறது, கடைசிவரை ஒரே சீராக வழுக்கும். மையத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். இங்க் ஃபில்லரைத் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு போனது என்று அளக்க முடியாது.

கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டுத்தான் கழிக்க வைக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு ஊட்டலின்போதும் மெல்ல ஒற்றி விடுங்கள்.

பறவைக் குஞ்சுக்கு வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள். நாக்கு தொண்டையோடு சேரும் இடத்தில், நடுவில், மூடித் திறக்கிற ஒரு சிறு துளை தெரியும். அது மூச்சுக்குழல். தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். இரையை முனை மழுங்கிய இடுக்கியால் அந்தத் துளையைத் தாண்டி உள்ளே வைக்க வேண்டும். பூச்சி தின்னும் சிறு குஞ்சுகளுக்கு விடிந்தது முதல் இருட்டும்வரை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரை வேண்டும். தின்றதும் பின்பக்கத்தைத் தூக்கி, மெல்லிய சவ்வில் பொதிந்த எச்சப் பை ஒன்றைப் போடும். இடுக்கியால் முழுசாக எடுத்துவிடலாம். அந்தப் பை உடையாமல் கெட்டியாக வந்தால் வயிறு சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீராக வந்தால் குறிப்பேட்டில் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

படி 5: ஒட்டிக்கொள்ள விடாதீர்கள்

எனக்கு இதுதான் இந்த வேலையின் மையம். மனிதனிடம் பயம் போன விலங்கு வெளியே போனால் யார் கையிலாவது அடிபடும். கலிபோர்னியா கான்டோர் கழுகுகள் 1982-இல் வெறும் 22 என்ற நிலைக்கு வந்தன. அவற்றின் குஞ்சுகளை வளர்த்தவர்கள் தங்கள் முகத்தைக் காட்டாமல், கான்டோர் தலை போலச் செய்த கைப்பாவையால் இரை ஊட்டினார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கு நமக்கும் வேண்டும். பெயர் வைக்காதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். ஒற்றைக் குட்டியாக இருந்தால் அதே இனக் குட்டி வேறெங்காவது இருக்கிறதா என்று விசாரித்து உடனே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

படி 6: கழுவுவது, எழுதுவது

முதல் சில மாதங்கள் பெட்டி கழுவுவதும் துணி துவைப்பதும்தான். சரி, அது அப்படித்தான். தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன், கிராம் தராசில் எடை போட்டு எழுதுங்கள். நோயைக் கண்ணை விட எடை முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். காட்டுயிர்கள் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும்.

சிலவற்றைக் காப்பாற்ற முடியாது. மருத்துவர் வலியில்லாமல் முடித்துவைக்கும் முடிவெடுப்பார். காட்டுக்குத் திரும்ப வழியே இல்லாத உயிரை வலியோடு இழுத்தடிப்பதை விட அது கருணையான முடிவு என்று முழு மனதோடு நம்புகிறேன். அன்றைக்கு அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். மறுநாள் வாருங்கள்.

படி 7: விடுவிப்பது

தானாக இரை தேடத் தெரிய வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும், களைக்காமல் பறக்கவோ ஓடவோ வேண்டும், நம்மைக் கண்டால் மிரள வேண்டும். வளர்ந்த விலங்கை எடுத்த இடத்திலேயே விடுவதுதான் வழக்கம், அதற்குத் தெரிந்த இடம் அதுதான். கையில் வளர்ந்த குட்டிகளுக்குக் கூண்டைக் காட்டோரம் வைத்து, கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நாள் இரை வைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆகாயத்தில் தூக்கி எறிந்து விடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். பறவைக்கு நல்லதல்ல. பெட்டியைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நில்லுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டவை. பூனை கவ்விய பறவைக்குக் காயமே தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றார் ஒருவர். கூடாது. பல் பதிந்த துளை இறகுக்கடியில் கண்ணுக்கே தெரியாது, பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா சீக்கிரமே ரத்தத்தில் பரவிவிடும். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், அன்றே மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலிக்கு வைத்த பசை அட்டையில் சிட்டு ஒட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார் இன்னொருவர். பிய்த்து எடுக்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வெளியே தெரிகிற பசையின் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி, இன்னும் சிக்காமல் செய்துவிட்டு, அட்டையோடு அப்படியே பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். எண்ணெய் தடவுவதையும் வீட்டில் முயல வேண்டாம், இறகில் எண்ணெய் ஊறினால் உடம்புச் சூடு போய்விடும்.