சென்னையில் நாயோடு தெருவில் இறங்கும் முன்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

வீட்டுக்குள் உங்கள் நாய் சோபாவில் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் அது உங்கள் பாடு. கேட்டைத் தாண்டினால் மாநகராட்சி விதி வந்துவிடும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்குப் பிறகு சென்னையில் விதிகள் ஒவ்வொன்றாக இறுகி வருகின்றன. இறுகட்டும் என்பதுதான் என் கருத்து. ஒருவர் கயிற்றை விட்டால், அந்தத் தெருவில் ஒழுங்காக நாய் வளர்க்கும் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர் வருகிறது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. உங்கள் வீடு எந்த மாநகராட்சியில் இருக்கிறது?

முகவரியில் சென்னை என்று எழுதுவதால் மட்டும் வீடு பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிடாது. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், யாருக்கு வரி கட்டுகிறீர்களோ அவர்கள் விதிதான் உங்களுக்கு. நான் இங்கே சொல்வது பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு.

2. வெறிநோய்த் தடுப்பூசி

மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன் பிறகு வருடம் ஒரு முறை. ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பல கிளினிக்குகளில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்தில்லாத பக்கத்தை வைத்து உரிமம் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

3. மைக்ரோசிப்

அரிசி மணி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும், ஸ்கேனரைக் காட்டினால் தெரியும். நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. பேட்டரியும் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. நாய் காணாமல் போய் யாராவது பிடித்துக் கொடுத்தால், அது உங்களுடையது என்று நிரூபிக்க உதவும்.

நுங்கம்பாக்கம், திரு.வி.க. நகர், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. அங்கே கேட்டுப் பாருங்கள். சிப் போட்ட கையோடு அந்த எண்ணை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. உரிமம்

மாநகராட்சி இணையதளத்தில் செல்லப்பிராணி உரிமத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மொபைல் எண்ணைப் பதிந்து உள்ளே போய், உங்கள் படம், நாயின் படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கால்நடை மருத்துவர் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் 50 ரூபாய் கட்டி உரிமத்தை இறக்கிக்கொள்ளலாம். உரிமம் ஒரு வருடத்துக்குத்தான். தடுப்பூசி தேதியை ஒட்டியே உரிமமும் எடுத்துவிட்டால் இரண்டையும் ஒன்றாக நினைவில் வைக்க வசதி.

உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். ஐம்பது ரூபாய்க்குச் சோம்பல்பட வேண்டாம்.

இன்னொன்று. பிட்புல், ராட்வைலர் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 டிசம்பரில் மாநகராட்சி இந்த இரண்டு இனங்களுக்கும் புது உரிமம் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய்.

5. கயிறு

ஐந்து, ஆறு அடி நீளமுள்ள நைலான் அல்லது பருத்திப் பட்டை போதும். பட்டனை அழுத்தினால் பதினைந்து அடி நீளும் கயிறு கடையில் பார்க்க நன்றாக இருக்கும், நம் தெருவுக்கு அது ஆகாது. பைக் ஒன்று சந்திலிருந்து திரும்பும்போது உங்கள் நாய் தெருவின் அந்தப் பக்கம் நிற்கும். இழுத்துப் பிடிக்க நேரம் இருக்காது.

பிடிக்கும் விதம் முக்கியம். கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, மிச்சக் கயிற்றை உள்ளங்கையில் மடித்து, விரல்களை மூடுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் திடீரென்று பாய்ந்தால் உங்களையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தீபாவளி வாரத்தில் கழுத்துப்பட்டையோடு உடல் பெல்ட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாயைத் தேடி அலைவது பெரும்பாடு.

வீட்டில் யார் நாயைக் கூட்டிப் போவது என்பதையும் முடிவு செய்யுங்கள். நாயைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

6. வாய்மூடி

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதில்தான். முதல் நாளே மாட்டி, நாய் காலால் பிறாண்டி உருண்டு புரண்டதும் "இதுக்கு ஒத்துக்காது" என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். பழக்கினால் எந்த நாயும் ஒத்துக்கொள்ளும்.

முதலில் சரியானதை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டவே வேண்டாம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதால்தான். சென்னை வெயிலில் அந்த வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருக்கும் வகையைக் கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டே நாய் வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். கடைக்குப் போகும் முன் கண்களுக்கு நடுவிலிருந்து மூக்கு நுனி வரை நீளத்தையும், மூக்கைச் சுற்றி அளவையும் தையல் டேப்பால் எடுத்துக்கொள்ளுங்கள். நாயையே கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

இனி பழக்குவது. வாய்மூடியைக் கிண்ணம் போலக் கையில் பிடித்து, அடியில் கெட்டித் தயிரைத் தடவுங்கள், அல்லது வேகவைத்த கோழித் துண்டு ஒன்று போடுங்கள். நாய் தானாக மூக்கை உள்ளே விடட்டும். நீங்கள் முகத்தில் தள்ளக் கூடாது. நக்கி முடித்து வெளியே வந்தால் விடுங்கள். பட்டையை மாட்ட அவசரப்படாதீர்கள். அதைக் கையில் எடுத்ததுமே நாய் வாலாட்டிக்கொண்டு வரும் நாள் வரும். அப்போது பட்டையை மாட்டி, கம்பி இடுக்கு வழியாக ஒரு துண்டு கொடுத்து, உடனே கழற்றுங்கள். அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் நேரம், அப்புறம் வீட்டுக்குள் நடை, அப்புறம் மாடிப்படி, கடைசியில் தெரு. நடுவில் காலால் பிறாண்டினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். ஊசி போடப் போகும்போது மட்டும்தான் மாட்டுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பிறகு வாய்மூடியைப் பார்த்தாலே நாய் ஓடும்.

7. வெளியே போனதும்

அடுக்குமாடியில் இருந்தால் லிஃப்டிலிருந்தே தொடங்குகிறது. நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒரு பாட்டியோ குழந்தையோ நின்றால், "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்று சொல்லிவிடுங்கள். ஏறினால் நாய் சுவர் பக்கம், நீங்கள் நடுவில்.

தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்காதீர்கள், கயிற்றை விறைப்பாக இழுக்காதீர்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து எதிர்ப்பக்கம் ஒதுங்கி, வேகம் மாற்றாமல் நடங்கள். ஒவ்வொரு தெருவிலும் அவற்றுக்கென்று எல்லை உண்டு, அதைத் தாண்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஏதாவது ஒரு தெருநாய் தொடர்ந்து கடிக்க வந்தால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் சொல்லலாம்.

நாய் கழித்ததை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளும் ஒரு பையும் போதும்.

கோடையில் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். புறங்கையைத் தார்ச் சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் ஆகாது.

8. கடித்துவிட்டால்

யார் மேல் தப்பு என்ற பேச்சைத் தள்ளி வையுங்கள். காயத்தை உடனே குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கழுவியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ நீங்களே கூட்டிப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், கடிபட்டவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். சாப்பிடாமல் இருந்தாலோ நடத்தை மாறினாலோ அன்றே கால்நடை மருத்துவரிடமும் கடிபட்டவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

சட்டப்படியும் பொறுப்பு உங்களுடையது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவுப்படி, வளர்க்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவச் செலவையும் வழக்கு வரும் வரை காத்திராமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.