வால்வு வைத்த மைக்ரோஃப்ளூயிடிக் சிப்: வரைபடம் முதல் சாயச் சோதனை வரை

மென்பொருளைத் திறப்பதற்கு முன் தாளில் ஒரு கணக்கு போடுங்கள். மைக்ரோஃப்ளூயிடிக் சிப் (மெல்லிய கால்வாய்களில் மிகச் சிறிதளவு திரவத்தை ஓட்டும் சில்லு) கெட்டுப்போவது பெரும்பாலும் தூய்மை அறையில் அல்ல, வரைபடத்திலேயே. நம் எடுத்துக்காட்டு: புரத மாதிரியையும் வினைப்பொருளையும் கலந்து, வால்வால் அடைத்த அறைக்குள் ஒளிர்வை அளக்கும் சிப்.

1. கணக்கு

கால்வாய் 100 மைக்ரான் அகலம், 50 மைக்ரான் உயரம். மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர். திரவம் நொடிக்கு 3.3 மி.மீ. நகரும். ரேனால்ட்ஸ் எண் (பிசுபிசுப்போடு ஒப்பிட ஓட்டத்தின் வேகம் எவ்வளவு ஓங்குகிறது என்பதன் அளவு) 1-க்கும் கீழ் என்பதால் இரண்டு திரவங்களும் சுழன்று கலக்காது, பக்கம் பக்கமாகவே ஓடும். கலப்பு பரவலால் மட்டும்தான். புரதத்தின் பரவல் கெழு நொடிக்குச் சுமார் 100 சதுர மைக்ரான். கால்வாயின் பாதி அகலமான 50 மைக்ரான் தூரம் பரவ 12.5 நொடி ஆகும். அதற்குள் திரவம் 42 மி.மீ. போய்விடும். எனவே வளைந்து செல்லும் கலப்புக் கால்வாயை 60 மி.மீ. நீளத்துக்கு வரையுங்கள்.

உயரத்தைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். 50-ஐ 25 ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு ஆறு மடங்குக்கு மேல் அழுத்தம் தேவைப்படும். அறையின் அகலம் உயரத்தைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் கூரை தொய்ந்து ஒட்டிக்கொள்ளும். நடுவே தூண்கள் வையுங்கள்.

2. வால்வு

சிப்பில் பிடிஎம்எஸ் எனும் சிலிக்கோன் ரப்பரால் ஆன இரண்டு அடுக்குகள்: மேலே மாதிரி ஓடும் தடித்த பாய்வு அடுக்கு, கீழே வால்வை இயக்கும் மெல்லிய கட்டுப்பாட்டு அடுக்கு. கீழிருந்து அழுத்தம் கொடுத்தால் இரண்டு கால்வாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு மேலெழுந்து கால்வாயை அடைக்கும். வால்வு வரும் இடத்தில் மட்டும் பாய்வுக் கால்வாயின் கூரை வளைந்திருக்க வேண்டும். செவ்வக மூலைக்குள் சவ்வு நுழையாது, அதனால் கசியும். ரப்பரை வார்க்கும் அச்சில் அந்தத் துண்டை 10–15 மைக்ரான் உயரத்தில் பாசிட்டிவ் ஃபோட்டோரெசிஸ்ட்டால் (ஒளி பட்ட இடம் கரையும் பூச்சு) செய்து, சூடேற்றி உருக வைத்தால் வளைவு வந்துவிடும். மற்ற கால்வாய்களுக்கு எஸ்யூ-8 (ஒளி பட்ட இடம் இறுகும் பூச்சு) போதும்.

கட்டுப்பாட்டுக் கால்வாய் வால்வு இருக்கும் இடத்தில் 100 மைக்ரான் அகலம். பாய்வுக் கால்வாயை வெறுமனே கடந்து போகும் இடத்தில் 30 மைக்ரானாகச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் அங்கும் அடைத்துவிடும்.

புதியவர்கள் தவறவிடுவது இன்னொன்று: அச்சிலிருந்து உரித்த தடித்த அடுக்கு சுமார் 1.5 சதவீதம் சுருங்கும். பாய்வு மாஸ்கை (அச்சு செய்ய ஒளியை வடிவமாக விடும் தகடு) 1.015 மடங்கு பெரிதாக்குங்கள். இல்லையேல் சிப்பின் ஓரங்களில் வால்வுகள் கால்வாயை விட்டு விலகி நிற்கும்.

3. வார்ப்பு

ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சுகளை முதலில் ட்ரைமீத்தைல்குளோரோசிலேன் ஆவியில் சில நிமிடங்கள் வையுங்கள், ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும். 10 செ.மீ. விட்ட அச்சுக்கு 30 கிராம் பிடிஎம்எஸ்ஸும் அதை இறுக வைக்கும் 6 கிராம் இறுக்கியும் (5:1) கலந்து, வெற்றிடத்தில் குமிழி நீக்கி ஊற்றினால் சுமார் 4.5 மி.மீ. தடிமன் கிடைக்கும். மெல்லிய அடுக்குக்கு 20:1. 25 மைக்ரான் உயரக் கட்டுப்பாட்டு அச்சின் மேல் சுமார் 40 மைக்ரான் வருமாறு ஸ்பின் செய்யுங்கள் (வேகமாகச் சுழற்றிப் பரப்புங்கள்). சவ்வு 15 மைக்ரான் நிற்கும்.

லேடெக்ஸ் கையுறை வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கி, பிடிஎம்எஸ்ஸைப் பிசுபிசுப்பாகவே விட்டுவிடும். நைட்ரைல் போதும்.

4. ஒட்டுதல்

இரண்டு அடுக்குகளையும் 80 டிகிரியில் அரை மணி நேரம் மட்டும் வேகவிடுங்கள். தடித்ததை உரித்து, பாய்வுத் துளைகளைக் குத்தி, நுண்ணோக்கியில் பார்த்தபடி மெல்லியதன் மேல் பொருத்தி, மறுபடி 80 டிகிரியில் 2 மணி நேரம். ஒன்றில் மிகுந்த இறுக்கி மற்றதற்குள் பரவி இரண்டையும் இணைக்கும். பிறகு மொத்தத்தையும் உரித்துக் கட்டுப்பாட்டுத் துளைகளைக் குத்துங்கள். ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் 30–60 நொடி காட்டி உடனே கண்ணாடியில் ஒட்டுங்கள்.

5. சாயச் சோதனை

கட்டுப்பாட்டுக் கால்வாயில் சிவப்பு நீர், பாய்வில் நீல நீர். கட்டுப்பாட்டில் வெறும் காற்றை விட்டால் அது சவ்வு வழியே ஊடுருவி மாதிரிக்குள் குமிழியாகும். அழுத்தத்தை 0.5 பாரிலிருந்து படிப்படியாக 1.5 வரை உயர்த்துங்கள். அதற்குள் நீலம் நிற்கவில்லையென்றால், சவ்வு தடித்துவிட்டதா அல்லது கூரை வளையவில்லையா என்று ஒரு சிப்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பாய்வில் குமிழி சிக்கியிருந்தால் வெளிவாயை அடைத்து 0.3 பாரில் சில நிமிடம் வையுங்கள். காற்று பிடிஎம்எஸ் வழியே வெளியேறும்.

மாதிரியிலுள்ள புரதம் சுவரில் ஒட்டாமல் இருக்க, அதை விடும் முன் 1 சதவீத பிஎஸ்ஏ (சுவரில் பூச்சாகப் படியும் மாட்டு இரத்தப் புரதம்) கரைசலை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். நீரை வெறுக்கும் சிறு மருந்து மூலக்கூறுகளுக்கு இந்தப் பூச்சு உதவாது. பிடிஎம்எஸ் அவற்றை உறிஞ்சிவிடும் என்பதால் அந்தச் சோதனைக்கு வேறு பொருளில் சிப் செய்யுங்கள்.