ஜாவா லாம்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 மார்ச்சில் ஜாவா 8 வரும்வரை, ஒரு பட்டியலை நம் விருப்பப்படி வரிசைப்படுத்தக்கூட ஐந்தாறு வரிக்குப் பெயரில்லாத கிளாஸ் எழுத வேண்டியிருந்தது. லாம்டா, அதாவது பெயரோ தனிக் கிளாஸோ இல்லாமல் தேவைப்படும் இடத்திலேயே எழுதும் சின்னச் செயல், வந்ததும் அது ஒரே வரியானது. ஒரு செயலை அப்படியே மெத்தடிடம் ஒப்படைக்க முடிவதுதான் இதன் பெரிய பலன். அந்தப் பலனைக் கெடுக்கும் சில பழக்கங்களை கோடு ரிவ்யூவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வெளியே இருக்கும் லோக்கல் வேரியபிளை லாம்டாவுக்குள் மாற்ற ஜாவா விடாது. கம்பைலர் மறுத்ததும், பலர் ஒரே ஒரு கட்டம் உள்ள அர்ரேயைச் செய்து அதற்குள் எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். பிறகு யாராவது அந்த லாம்டாவுக்குத் தரவை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் ஸ்ட்ரீமை பேரலல் ஆக்குவார்கள், அதாவது ஒரே நேரத்தில் பல திரெட்களில் ஓடவிடுவார்கள். இரண்டு திரெட்கள் அதே கட்டத்தில் 41 என்று படித்து, இரண்டுமே 42 என்று எழுதும். ஒன்று காணாமல் போய்விடும். ஒவ்வொரு உறுப்புக்கும் லாம்டாவை ஓட்டும் ஃபோர்ஈச் உள்ளே நின்று அர்ரேலிஸ்டில் சேர்ப்பதும் இதே ரகம்தான். சின்னத் தரவில் சோதித்தால் பெரும்பாலும் விடை சரியாகவே வரும் என்பதால் தவறு வெளியே தெரியாது. எண்ணுவதற்கு கவுண்ட் இருக்கிறது, சேர்ப்பதற்கு கலெக்ட் இருக்கிறது. அவற்றை நம்புங்கள்.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறொன்று. ஒரு திரையைத் திறக்கும்போது, பட்டன் அழுத்தப்பட்டால் ஓடும் லிசனரை லாம்டாவாகச் சேர்த்தேன். மூடும்போது அதே வரியைப் படியெடுத்து ரிமூவ் மெத்தடுக்குக் கொடுத்தேன். திரையை மூன்று முறை திறந்தால் பட்டனின் வேலை மூன்று முறை நடந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், இரண்டு இடத்தில் எழுதிய லாம்டாக்கள் இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்ட்கள். நீக்கச் சொன்னது பட்டியலில் இல்லவே இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. லாம்டாவுக்குப் பதிலாக ஏற்கெனவே உள்ள மெத்தடின் பெயரைத் தரும் மெத்தட் ரெஃபரன்ஸிலும் இதே கண்ணி உண்டு. பின்னால் நீக்க வேண்டியதென்றால், முதலில் ஒரு ஃபீல்டில் வைத்துவிட்டு அதையே சேர்க்கவும் நீக்கவும் கொடுங்கள்.

பழைய கோடைப் புதுப்பிப்பவர்கள் திஸ் (this) என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத கிளாஸுக்குள் அது அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டையே சுட்டும். லாம்டாவுக்குள் வெளியே சூழ்ந்திருக்கும் ஆப்ஜெக்ட்டைச் சுட்டும். கிளாஸை லாம்டாவாக்கச் சொல்லி ஐடிஇ, அதாவது கோடு எழுதும் மென்பொருள், தரும் யோசனையை அப்படியே ஏற்பதற்குமுன் இதைப் பாருங்கள்.

வரிசைப்படுத்த இரண்டு எண்களை ஒப்பிடுவதற்குக் கழித்தல் போடுவது சுருக்கமாகத் தெரியும். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி வர வேண்டும். முழு எண்ணுக்கான இன்ட் வகை தாங்குவது 2147483647 வரைதான், அதனால் விடை -294967296 ஆகிவிடும். பெரிய எண் சிறியதாகி வரிசை குலையும். கம்பேரிங்இன்ட் என்ற மெத்தட் இதற்காகவே இருக்கிறது.

லாம்டா நான்கு வரியைத் தாண்டினால் தனி மெத்தடாக்கிப் பெயர் வையுங்கள். உள்ளே நிலையைச் சேமிக்க வேண்டியிருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் தேவைப்பட்டாலோ, கூச்சப்படாமல் கிளாஸே எழுதுங்கள். நடுராத்திரியில் சர்வர் விழுந்து, பிழை எந்த மெத்தட்கள் வழியே வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸைத் திறப்பவருக்கு, லாம்டா என்ற சொல்லும் ஒரு வரிசை எண்ணும் சேர்ந்த பெயரைவிட "வரிகணக்கிடு" என்ற மெத்தட் பெயர் எவ்வளவோ உதவும்.