சிஐஎஃப் க்யூ சிக்கினால் டெலிட் பட்டனைத் தொடாதீர்கள்

"தம்பி, ஏபிஓ இன்னும் நேத்து ஆர்டரையே காட்டுதுப்பா!" துவாஸ் கிடங்கில் இருக்கும் பிளானர் அக்கா காலையிலேயே அழைத்தால், ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிடும். எஸ்ஏபியில் ஆர்டர், ஸ்டாக் எல்லாம் பதியும் ஈஆர்பிக்கும், திட்டம் போடும் ஏபிஓவுக்கும் நடுவே தகவலைக் கொண்டுபோகும் இணைப்புதான் சிஐஎஃப்; அதன் வரிசை (க்யூ) எங்கோ நின்றிருக்கிறது. அப்போது நான் செய்வது இதுதான். லாகின், அனுமதி எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தப் பக்கம் நிற்கிறது?

ஈஆர்பியில் எஸ்எம்க்யூ1 (வெளியே போகும் க்யூக்களைக் காட்டும் திரை) திறந்து, க்யூ பெயரில் சிஎஃப்* கொடுங்கள். சிஎஃப்எஸ்டிகே என்றால் ஸ்டாக், சிஎஃப்எஸ்எல்எஸ் என்றால் விற்பனை ஆர்டர். திரை காலியாக இருக்கிறதா? எழுந்து கோப்பி குடிக்கப் போய்விடாதீர்கள். உங்கள் அமைப்பில் இன்பவுண்ட் க்யூ, அதாவது பெறும் பக்கத்தில் நிற்கும் வரிசை, வைத்திருந்தால் (ஈஆர்பியில் சிஎஃப்சி1 திரை சொல்லும்), தகவல் ஏபிஓவின் எஸ்எம்க்யூ2 இல் கிடக்கும். ஏபிஓவிலிருந்து திரும்பி வரும் திட்ட ஆர்டர்களை ஏபிஓவின் எஸ்எம்க்யூ1 இல் தேட வேண்டும். இந்த அலைச்சல் வேண்டாமென்றால் ஏபிஓவில் /எஸ்ஏபிஏபிஓ/சிக்யூ போதும். இரு பக்கமும் ஒரே திரையில் வந்துவிடும். நான் அதைத்தான் முதலில் திறக்கிறேன்.

படி 2: நிலையைப் படியுங்கள்

சிபிஐசிஇஆர்ஆர் என்றால் இணைப்புக் கோளாறு. கொஞ்ச நேரம் தானாகவே முயன்று பார்க்கும். ஸ்டாப் என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள், காரணம் கேட்டுவிட்டு அன்லாக் செய்யுங்கள். சிஸ்ஃபெயில் என்றால் பதிவைச் செயல்படுத்தும்போது பிழை; அது தானாகச் சரியாகாது.

படி 3: சிஸ்ஃபெயில்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வரிசையில் முதல் ஆள் நகராவிட்டால் பின்னால் நிற்பவர்களும் நகர முடியாது. ஒரு விற்பனை ஆர்டரில் புதிய பொருளைச் சேர்த்திருந்தார்கள்; அந்தப் பொருள் ஏபிஓவுக்கு இன்னும் போகவில்லை. அதனால் முதல் பதிவு பிழையில் நின்றது. "முழு க்யூவையும் அழித்தால் தீர்ந்தது" என்று அழித்தேன். பச்சையாகிவிட்டது, எனக்கும் நிம்மதி. பின்னால் நின்ற பதிவில் வாடிக்கையாளர் ஒரு வரியை ரத்து செய்திருந்தது எனக்கெப்படித் தெரியும்? ரத்தான சரக்குக்கு ஏபிஓ மூன்று நாள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆகவே, பிழை வரியை இரட்டைச் சொடுக்கில் திறந்து முழுதாகப் படியுங்கள். போதாவிட்டால் ஏபிஓவில் /எஸ்ஏபிஏபிஓ/சி3, ஈஆர்பியில் சிஎஃப்ஜி1 லாக் பாருங்கள். பொருள் இல்லை என்றால் ஈஆர்பியின் சிஎஃப்எம்1 இல் இன்டக்ரேஷன் மாடல் (எதையெல்லாம் ஏபிஓவுக்கு அனுப்புவது என்ற பட்டியல்) உருவாக்கி, சிஎஃப்எம்2 இல் ஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு க்யூவுக்கு வந்து ஆக்டிவேட். அவ்வளவுதான், மிச்சம் மளமளவென்று போகும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? /எஸ்ஏபிஏபிஓ/சிசிஆர் ஓட்டி இரு பக்கத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மறுபடி அனுப்புங்கள். க்யூ ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து ஓட்டுங்கள். வழியில் இருப்பதையும் அது வித்தியாசமாகக் காட்டிப் பயமுறுத்தும்.

ஒரு சின்ன விஷயம்: எங்கள் சர்வர் ஜெர்மனி நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூரைவிடக் கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி நேரம் பின்னால். க்யூவில் அதிகாலை 2 மணி என்றிருந்தால் அது நம் காலை நேரம்தான், இரவு ஷிப்டைத் திட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: "எஸ்எம்59 இல் கனெக்ஷன் டெஸ்ட் பச்சையாக வருகிறது, ஆனாலும் சிபிஐசிஇஆர்ஆர் போகவில்லை" என்று இருவர் கேட்டிருந்தார்கள். எஸ்எம்59 என்பது இணைப்புகளை அமைக்கும் திரை; அந்த டெஸ்ட் எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், லாகின் செய்யாது. யூட்டிலிட்டீஸ் மெனுவில் ஆதரைசேஷன் டெஸ்ட் ஓட்டுங்கள். இருவரில் ஒருவருக்கு ஆர்எஃப்சி பயனர் (இணைப்பு லாகின் செய்யப் பயன்படுத்தும் கணக்கு) பூட்டிக் கிடந்தது, திறந்ததும் ஓடியது. மற்றவர் இன்னும் பதில் போடவில்லை.