கொரங்காட்டுக் களையெடுப்பில் புல்லைப் பறிகொடுக்கும் தவறுகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், களையை ஒழிக்கிறேன் என்று இறங்குகிறவர்களில் பலர் கடைசியில் ஒழித்துவிடுவது மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லைத்தான். பார்த்தீனியம் அடுத்த மழைக்கே தலைகாட்டிவிடுகிறது; புல் திரும்புவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த மண்ணில், போன புல்லை மீட்க வருடங்கள் ஆகும். அதனால் எந்தக் களை வேலையைத் தொடங்கினாலும், இதனால் புல்லுக்கு என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்தீனியத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வெள்ளைப் பூவைப் பார்த்த பிறகு கை வைப்பது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடியது. முளைத்த புதிதில் அதன் இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்திருக்கும். கேரட் இலையைப் போல நறுக்கு நறுக்காக இருக்கும். பிடுங்க வேண்டிய பருவம் அதுதான். மழை பெய்து மண் பதமாக இருக்கும்போது களைக்கொத்தை வட்டத்தின் நடுவுக்குக் கீழே செருகி, வேரோடு நெம்பி எடுங்கள். மேலே அரிவாளால் அறுத்துவிட்டால் அடிக்கட்டையிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்து, முன்னைவிடக் குள்ளமாகவே பூத்துவிடும். பூக்காத செடியைக் குப்பைக்குழியில் போட்டு உரமாக்கலாம். பூத்ததைப் போட்டால் எருவோடு விதையையும் காடு முழுக்க நாமே இறைத்தது போலாகும். கையுறை இல்லாமல் இந்தச் செடியைத் தொடவே தொடாதீர்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் இதனால் வருவது நிச்சயம் தெரிந்த விஷயம். கூலிக்கு வரும் பெண்களை வெறுங்கையோடு பிடுங்கச் சொல்வது பெரிய அநியாயம்.

இலைகள் சல்லடையாக அரிக்கப்பட்டிருந்தால் உற்றுப் பாருங்கள். வெண்மஞ்சள் முதுகில் கருங்கோடுகள் ஓடும் சிறு வண்டுகள் தென்படலாம். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே 1980-களில் மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டுகள் அவை. மழைக்காலத்தில் பெருகும். அங்கே பூச்சிமருந்து அடித்தால் நமக்கு வேலை செய்பவரையே கொன்றதாகிவிடும்.

அடுத்தது உப்புக் கரைசல். பாதையோரத்திலும் தரிசிலும் அடிப்பதற்குச் சொல்லப்பட்ட முறையை மேய்ச்சல் காட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். உப்புக்குக் களை எது, புல் எது என்று தெரியாது. அடைமழை பெய்யும் ஊர் என்றால் கழுவிக்கொண்டு போகும். இங்கே பெய்யும் மழைக்கு உப்பு மண்ணிலேயே தங்கி, அந்த இடத்தைப் பொட்டலாக்கும்.

களைக்கொல்லியிலும் இதே குழப்பம். கிளைபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் வேர்வரை கருக்கும். புல்லுக்கு விலக்கு இல்லை. பூச்சி ஒழிப்புத் தொழிலில் உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்ததையும் பலர் கவனிக்கவில்லை. 2,4-டி வகை மருந்து அகன்ற இலைக் களைகளைத் தாக்கும், வளர்ந்த புல்லை விட்டுவிடும். ஆனால் கொரங்காட்டில் புல் மட்டுமா இருக்கிறது? மாட்டுக்குச் சத்துக் கொடுக்கும் நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகளும் அதோடு கருகிவிடும். அதைவிட ஆபத்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்றில் இதைத் தெளித்தால், சாரல் பக்கத்துக் காட்டுப் பருத்தியிலும் தக்காளியிலும் போய் விழும். பருத்திக்கு இந்த மருந்தின் வாடையே ஆகாது. அடித்தே ஆக வேண்டும் என்றால் காற்று அடங்கிய காலை நேரத்தில், களை திட்டாக நிற்கும் இடத்தில் மட்டும், வேளாண் அலுவலரிடம் அளவு கேட்டு அடியுங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் மேய்க்கக் கூடாது என்று புட்டியில் எழுதியிருக்கிறதோ, அத்தனை நாளும் கறவை மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சீமைக்கருவேலத்துக்கு வருவோம். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று பத்தாகத் தழையும். மண்ணுக்கு அடியில் ஓர் அடி தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். பொக்லைனை விட்டுக் காட்டையே புரட்டிப்போடுவது இன்னொரு தவறு. புரண்ட மண்ணில் முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். அந்த வேகத்தில் வெள்வேலமும் சாய்க்கப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வெளிறிய பட்டை கொண்ட வெள்வேலத்தின் நிழலில் கொழுக்கட்டைப் புல் செழிக்கும். அதன் காய் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. வெட்டுகிற ஆளிடம் விட்டுவிடாமல் கூடவே நின்று மரத்தைக் காட்டுங்கள்.

சீமைக்கருவேலங்காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை சேதமில்லாமல் வெளிவந்து, எரு சேர்ந்து நன்றாக முளைக்கும். வெளியே மேய்ந்த மந்தையை நேராகக் காட்டுக்குள் ஓட்டாமல் சில நாள் பட்டியில் அடைத்துத் தீனி போட்டு, பிறகு விடுங்கள். கிளுவை வேலியில் விழுந்த இடைவெளியைச் சீமைக்கருவேல முள்ளால் அடைக்கும்போதும் காய் இருக்கிறதா என்று பாருங்கள். கிளுவைப் போத்தையே, அதாவது வெட்டிய கிளையையே, நட்டுவிடுவது இன்னும் நல்லது.

கோவை, திருப்பூர் வீட்டுப் புல்தரைக்காரர்களுக்கு ஒன்று: கோரை புல் இனம் அல்ல. அதன் தாளை இழுத்தால் கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். ஈரத்தில் கிழங்கோடு தோண்டுங்கள். புல்லை மொட்டையாக வெட்டாமல் சற்று உயரமாக விட்டாலே பாதிக் களை வெளிச்சமின்றி அடங்கும்.

கொரங்காட்டிலும் களைக்கு வழிவிடுவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய மேய்ச்சல்தான். காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, மாற்றி மாற்றி மேய்த்தார்கள் பெரியவர்கள். களை எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் ஐப்பசி மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதை தூவுங்கள். அன்று அறுத்த விதை சரியாக முளைக்காது. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்தது வேண்டும். பஞ்சு போலப் பறக்கும் விதை என்பதால் ஈர மணலோடு கலந்து இறைத்து, முள் படலை லேசாக இழுத்தால் போதும். ஆழத்தில் புதைந்தால் வராது. முளைத்த புல் ஒருமுறை கதிர்விட்டு விதை உதிர்க்கும்வரை அந்தப் பக்கம் ஓர் ஆட்டைக்கூட விட வேண்டாம்.