கடலூரிலிருந்து வண்டலூர் ஜூ: காலை 9 மணிக்கு கேட்டில் நிற்பது எப்படி?

முதல் தடவை போனபோது நாங்கள் பார்த்தது ஒரு புலியின் வாலை மட்டும்தான். மணி பதினொன்றே முக்கால். புதருக்குப் பின்னால் அது படுத்துக் கிடந்தது. ஈ உட்காரும்போதெல்லாம் வால் மட்டும் ஒரு தடவை எழும்பி விழும். சின்னவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "அப்பா, அதுக்கு சாவி குடுக்கணுமா?" என்று கேட்டான்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒன்பது பேர், இரண்டு கார், ஒரு வாரத் திட்டம். பார்த்தது ஒரு வால். எட்டு மாதம் கழித்து மறுபடி போனோம். அதே வளாகத்தில் புலி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது, முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் மாற்றியது கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான்: நேரம். கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கார் ஓட்டுவது, ஃபாஸ்டேக்கில் பணம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

படி 1: கிழமை

செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொங்கல் மாதிரி சில பண்டிகை நாட்களில் செவ்வாயிலும் திறப்பார்கள், ஆனால் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காணும் பொங்கலன்று போகவே வேண்டாம். அன்று மெட்ராஸில் பாதிப் பேர் மெரினாவில் இருப்பார்கள், மீதிப் பேர் வண்டலூரில்.

ஞாயிறா, வேலை நாளா என்று கேட்டால் என் ஓட்டு வேலை நாளுக்கு. முடியாதென்றால் ஞாயிறு பரவாயில்லை, காலை முதல் இரண்டு மணி நேரம் கூட்டம் தெரியாது. மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழைக்காலம் முடிந்த கையோடு உள்ளே இருக்கும் ஓட்டேரி ஏரியில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகள் வரும். பள்ளி லீவு என்று அக்னி நட்சத்திரத்தில் கிளம்புகிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை. வால் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: டிக்கெட்

பூங்காவின் சொந்த இணையதளத்தில் முந்தின இரவே எடுத்துவிடுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை, தளத்தில் இருப்பதே சரி. நுழைவுச் சீட்டு வேறு, பேட்டரி கார் வேறு, சஃபாரி வேறு. டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வையுங்கள். கேட்டில் நின்றுகொண்டு மெயிலைத் தேடுவது நல்ல அனுபவம் இல்லை.

படி 3: மணியைப் பின்னாலிருந்து எண்ணுவது

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பூங்கா 9 மணிக்குத் திறக்கும், 5 மணிக்கு மூடும். எட்டு மணி நேரம் இருக்கிறதே, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். மிருகங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. புலியும் சிங்கமும் இருட்டில் சுறுசுறுப்பாக இருக்கும் ஜென்மங்கள். சிங்கம் ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல்கூடப் படுத்தே கிடக்கும். ராத்திரி உள் அறையில் அடைத்து வைத்திருந்து காலையில் திறந்தவெளிக்கு விடுவார்கள். வெளியே வந்ததும் தன் இடத்தை மோந்து பார்த்தபடி ஒரு சுற்று வரும். வெயில் ஏறியதும் நிழல் தேடிப் படுத்துவிடும். மாலையில் இரை வைக்கும் நேரம் நெருங்கும்போதுதான் மறுபடி அறைக் கதவுப் பக்கம் நடமாட்டம். ஆக நமக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மாலைக்காகக் காத்திருந்தால் குழந்தைகளோடு கடலூர் வந்து சேர ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். அதனால் காலைதான்.

கடலூரிலிருந்து வண்டலூர் சுமார் 150 கிலோமீட்டர். முதல் தடவை ஆறரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. சித்தப்பா கார் செம்மண்டலத்தில் வந்து சேர்ந்தது 7 மணிக்கு. ஆபீஸ் நேரத்தில் புதுச்சேரிக்குள் மாட்டினோம். முருங்கப்பாக்கத்திலிருந்து கோரிமேடு தாண்டவே முக்கால் மணி நேரம். அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் டிபன். இருபது நிமிடம் என்று நினைத்து உட்கார்ந்தோம். ஒன்பது பேருக்கு மேஜை சேர்த்துப் போட்டு, பூரி வரத் தாமதமாகி, பெரியவளின் தோசையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, கடைசியில் காபி கேட்டு, எழுந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது. புலியை நாங்கள் தவறவிட்டது அந்த மேஜையில்தான்.

இப்போது நான் போடும் கணக்கு இப்படி. 9 மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும். அதற்கு 8.40-க்குள் டிபன் முடித்து, எல்லோரும் கழிப்பறை போய் வந்திருக்க வேண்டும். 8.15-க்குள் பார்க்கிங்கில் கார் நிற்க வேண்டும். பயணம் மூன்று மணி நேரம். ஆக 5 மணிக்குப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் புதுச்சேரி நகரமே தூங்கிக்கொண்டிருக்கும், இருபது நிமிடத்தில் கோரிமேட்டில் இருப்பீர்கள். மொரட்டாண்டி டோல், திண்டிவனம், ஆத்தூர் டோல், மேல்மருவத்தூர், பரனூர் டோல். தைப்பூசம், ஆடிப்பூரம் சமயத்தில் மேல்மருவத்தூரில் செவ்வாடைக் கூட்டம் இருக்கும், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரே ஒரு நிறுத்தம், திண்டிவனம் தாண்டி, கழிப்பறைக்கு மட்டும். டீக்கடைப் பக்கம் யாரும் திரும்பக்கூடாது. இதில் வீட்டிலேயே கறாராக இருக்க வேண்டிய ஆள் சித்தப்பாதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஐந்தரை, ஐந்தே முக்கால் போதும்.

படி 4: சாப்பாடு

காலைக்கு இட்லி. ராத்திரியே சுட்டு, மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிவிடுங்கள். சட்னி வேண்டாம், காரில் கொட்டும், கெட்டும் போகும். பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மதியத்துக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் காரிலேயே இருக்கட்டும், வெளியே வந்ததும் சாப்பிடலாம். உள்ளே கேன்டீன் இருக்கிறது. பசி தாங்காத குழந்தைக்கு அது.

பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது. சிப்ஸ் பாக்கெட், கேரி பேக் எல்லாம் காரிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஆளுக்கு ஒன்று. செம்புப் பாட்டில் அழகாக இருக்கும், ஆனால் வெயிலில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுடும், நான் எடுப்பதில்லை.

படி 5: பையில் என்ன?

பைனாகுலர் ஒன்று கட்டாயம் எடுத்துப்போங்கள். பெரிய கேமராவை வீட்டில் வையுங்கள். அகழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிருகத்தைக் குழந்தைக்குக் கிட்டத்தில் காட்டுவது பைனாகுலர்தான், கேமரா காட்டுவது அப்பாவுக்கு மட்டும். தொப்பி எல்லோருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு புயல் நிழலை என்ன செய்யும் என்று 2011-இல் 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரமெல்லாம் விழுந்து கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மரங்கள் திரும்ப வளர்ந்திருக்கின்றன, ஆனால் பாதை முழுக்க நிழல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று, பால்பாயின்ட் பேனா. குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.

படி 6: உள்ளே எந்த வரிசை?

பூங்கா 602 ஹெக்டேர். முழுக்க நடந்துவிடலாம் என்ற ஆசையை கேட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் சஃபாரிக்கு டிக்கெட் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், ஆனால் உடனே ஏறாதீர்கள், பதினோரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். குளிர்ச்சியான முதல் ஒன்றரை மணி நேரத்தை வரிசையில் நின்றே தொலைக்கிறவர்கள் நிறைய.

9 முதல் பத்தரை வரை புலி, வெள்ளைப் புலி, சிறுத்தை, கரடி. வெள்ளைப் புலி தனி இனம் இல்லை, நம் வங்கப் புலிதான், மரபணுவில் ஒரு மாற்றம். 1951-இல் ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிலிருந்து வந்த வம்சம் இது. இதைச் சொன்னதும் பெரியவள், "அப்போ எல்லாம் சொந்தக்காரங்களா?" என்றாள். ஆமாம், அதனால்தான் அவற்றுக்கு உடல்நலக் கோளாறுகளும் அதிகம்.

அப்புறம் சோலை மந்தி. சிங்கவால் குரங்கு என்று பலகை இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மக்கள் இரண்டு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், நீங்கள் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பதினோரு மணிக்கு மேல் சஃபாரி. மேலே கூரை இருக்கும், உட்கார்ந்தே போகலாம். அதன்பின் பாம்புகள், முதலை, நீர்யானை. நீர்யானை எப்படியும் பகலெல்லாம் தண்ணீருக்குள்தான், எப்போது போனாலும் கண்ணும் காதும்தான் தெரியும். ஒரு மணி, ஒன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். பார்க்காதது பாக்கி இருக்கட்டும். மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு.

பேட்டரி கார் யாருக்கு? முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும். ஓட்டுநர் சில இடங்களில் சில நிமிடங்கள்தான் நிறுத்துவார், அதனால் எல்லோரும் அதில் ஏறி ஒரே மூச்சில் சுற்றி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் சின்னவனும் காரில், மற்றவர்கள் நடை. எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது, "உயிர் காலேஜுக்கா போறோம்?" என்றுதான் கேட்டார். அந்தக் காலத்து மெட்ராஸில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பேர். உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. 1855-இல் மியூசியத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபர்தான் அந்த வளாகத்திலேயே மிருகங்களையும் வைத்தார். பிறகு சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டிப் போனது. 1985-இல் எம்.ஜி.ஆர். திறந்து வைத்ததுதான் வண்டலூர். அம்மா சின்ன வயதில் பார்த்தது மூர் மார்க்கெட் கூண்டுகள். இங்கே அகழிக்கு அப்பால் திறந்தவெளியில் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, "கம்பியே காணோமேடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சேர்க்கை 1

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போன ஒரு வாசகர், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழி பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் தாண்டியதும் திகைத்ததாக எழுதியிருந்தார். ஈசிஆர் பஸ் வண்டலூருக்குப் போகாது. திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்தான் வேண்டும், கிளாம்பாக்கம் என்று கேட்டு ஏறுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து முனையம் திறந்தது நமக்கு வசதிதான், அங்கிருந்து ஜூ மிகப் பக்கம், ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ போதும். ரயிலில் வருகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி செங்கல்பட்டுப் பக்கம் போகும் லோக்கல் பிடித்தால் பெருங்களத்தூருக்கு அடுத்தது வண்டலூர்.

காரில் ஈசிஆர் வழியாகத்தான் போவேன் என்கிறவர்கள் கோவளத்தில் இடது பக்கம் திரும்பி, கேளம்பாக்கம் போய் வண்டலூர் சாலையைப் பிடிக்கலாம். கடல் தெரியும், நேரம் கூடும். திரும்பி வரும்போது வேண்டுமானால் செய்யுங்கள்.

சேர்க்கை 2

ஐந்து மணிக்குக் கிளம்பினால் குழந்தை வாந்தி எடுக்கிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். எங்கள் சின்னவனும் அப்படித்தான். எழுப்பியதும் பால் கொடுப்பதை நிறுத்தினோம், சரியாகிவிட்டது. வெறும் வயிற்றில் தூங்கியபடியே வருவான், பரனூர் டோலில் எழுந்து இட்லி கேட்பான். அதற்கு மேல் அவனை முக்கால் மணி நேரம் சமாளிக்க ஒரு கடலை உருண்டை கைவசம் இருக்கட்டும்.